மண் அசைந்தால் சுவர் அசையும்
கான்கிரீட் கல் அஸ்திவாரம்: கட்டும் முறையும் மாற்றும் முறையும்

வீட்டின் எடை முழுவதையும் மண்ணில் இறக்கிவைப்பது அஸ்திவாரச் சுவர். தரைக்குக் கீழே கான்கிரீட் படுகையில் தொடங்கி, தரைக்கு மேலே பேஸ்மட்டம் வரை அது எழும்புகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பழைய வீடுகளில் இந்தச் சுவர் பெரும்பாலும் கருங்கல் கட்டு. மலை அருகில் இருந்ததால் கல் கிடைத்தது. கல்லை உடைத்து, முகம் பார்த்து, இடுக்கில் சில்லுக்கல் வைத்து அடுக்கத் தெரிந்த கொத்தனார்களும் இருந்தார்கள். இப்போது பல மனைகளில் அந்த இடத்தைச் சாலிட் பிளாக் எனப்படும் கெட்டிக் கான்கிரீட் கல் பிடித்திருக்கிறது. கல் மாறினாலும் கேள்வி மாறவில்லை: கீழே இருக்கும் மண், மழையிலும் வெயிலிலும் எப்படி நடந்துகொள்ளும்?

மூன்று வகை நிலம்

இரண்டு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. அய்யனார் அருவி, செண்பகத்தோப்பு பக்கம் மலையை ஒட்டிய நிலங்களில் செம்மண்ணும் சரளையும் மிகுதி. மாந்தோப்புகள் செழித்ததும் அந்த மண்ணில்தான். தண்ணீர் இதில் விரைவாக இறங்கிவிடும். மண்ணின் பருமன் பெரிதாக மாறாது. கண்மாய்களை ஒட்டிய தாழ்வான மனைகளில் வண்டலும் களியும் படிந்திருக்கும். இதன் மேல் எடை ஏறினால், உள்ளிருக்கும் நீர் மெல்ல மெல்ல வெளியேறி, மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். கிழக்கே சாத்தூர், விருதுநகர் திசையில் போகப் போகக் கரிசல் தொடங்குகிறது.

மூன்றிலும் கரிசல்தான் கட்டடத்துக்குக் கடினமானது. அதில் உள்ள மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் மெல்லிய தகடுகளால் ஆனது. தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்புகிறது. நீர் வெளியேறினால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்புவதும் கோடையில் சுருங்குவதும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. இந்த ஏற்ற இறக்கம் பொதுவாக நில மட்டத்திலிருந்து சுமார் 3.5 மீட்டர் ஆழம் வரை உணரப்படுகிறது.

எடையா, ஈரமா?

அஸ்திவாரம் எடை தாங்காமல்தான் உடைகிறது என்பது பரவலான எண்ணம். ஓரடுக்கு வீட்டின் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 10 அடி உயரமும் 20 செ.மீ. கனமும் உள்ள கான்கிரீட் கல் சுவர், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1.3 டன். அதன் மேல் வந்து விழும் மொட்டைமாடியின் பங்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல். பேஸ்மட்டச் சுவர் இன்னொரு டன். ஆக ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 3.5 டன். இரண்டரை அடி அகலப் படுகையில் இதைப் பரப்பினால், மண்ணின் மீது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 டன் அழுத்தம் வருகிறது. கெட்டியான செம்மண்ணும் சரளையும் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும்.

கல்லைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் சாதகமானது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2185 விதிப்படி சாலிட் பிளாக்கின் குறைந்தபட்சத் தாங்குதிறன் சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன். 40 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள ஒற்றைக் கல் நொறுங்குவதற்கு ஏறத்தாழ 32 டன் எடை வேண்டும்.

எனவே ஓரடுக்கு வீட்டின் அடிச்சுவர் எடையால் நசுங்குவது அரிது. சுவரின் ஒரு முனைக்குக் கீழே மண் நனைந்து, மறுமுனையில் காய்ந்திருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நனைந்த கரிசல் மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம், ஓரடுக்கு வீடு கீழ்நோக்கித் தரும் அழுத்தத்தை எளிதில் மிஞ்சிவிடும். கனமான மாடிக் கட்டடம் ஓரளவு எதிர்த்து நிற்கும் இடத்தில், இலேசான சிறிய வீடு தூக்கப்படுகிறது. கரிசலில் ஏழை வீடுகள் அதிகம் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மண்ணை அடையாளம் காணும் சோதனை எளியது. 10 கிராம் சலித்த மண்ணை ஒரு கண்ணாடி உருளையில் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை வேறொரு உருளையில் மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. இரண்டு உருளைகளிலும் படிந்த மண்ணின் அளவு வேறுபாடு, மண்ணெண்ணெயில் படிந்த அளவில் எத்தனை சதவீதம் என்பதே உப்பல் குறியீடு. அது 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரம் போதுமா என்று யோசிக்க வேண்டும்.

கருங்கல்லிலிருந்து கான்கிரீட் கல்லுக்கு

அடிப்பகுதிக்கு நீர் கரைக்காத பொருளைப் போடுவது இந்த மண்ணில் பழைய வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் உட்பட, தமிழகக் கோபுரங்களில் அடித்தளம் கருங்கல்லாலும் மேல்நிலைகள் செங்கல், சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்டிருக்கின்றன. வீடுகளும் தம் அளவுக்கு அதே முறையைப் பின்பற்றின.

கான்கிரீட் கல்லை வார்க்கும் பொறிக்கு அமெரிக்காவில் ஹார்மன் பாமர் 1900இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் போர்ட்லாண்ட் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தது, அது நீடிக்கவில்லை. ராஜபாளையத்துக்குச் சிமெண்டுடன் நேரடி உறவு உண்டு. இவ்வூரைச் சேர்ந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ், விருதுநகர் அருகே ஆர்.ஆர். நகரில் 1960களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது; 2013இல் ராம்கோ சிமெண்ட்ஸ் எனப் பெயர் மாறியது. சிமெண்ட் பக்கத்திலேயே கிடைத்தது. ஜல்லி உடைக்கும் கிரஷர்களிலிருந்து சிப்ஸும் எம்-சாண்டும் வந்தன. கல் வார்க்கும் பட்டறைகளுக்குத் தேவையான மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்தன.

கருங்கல் கட்டுக்கு இரண்டு அடி அகலம் வேண்டும். இடுக்குகளில் கலவை நிறையச் செலவாகும். உள்ளே பொந்து விழுந்தால் வெளியே தெரியாது. கான்கிரீட் கல் ஒரே அளவாக இருப்பதால் சுவரின் கனம் குறைகிறது, வேலை விரைகிறது, தவறு கண்ணுக்குத் தெரிகிறது. 20 செ.மீ. உயர, அகலக் கெட்டிக்கல் ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும்.

ஹாலோ பிளாக் இலேசானது, விலையும் குறைவு. ஆனால் தரைக்குக் கீழே அதன் பொந்துகள் தண்ணீருக்கும் கறையானுக்கும் வழியாகின்றன. இரண்டு அடுக்கு வீடுகளுக்கு அஸ்திவாரத்திலும் பேஸ்மட்டத்திலும் கெட்டிக்கல்லையே வைக்க வேண்டும் என்றும், ஹாலோ பிளாக் வைத்தால் பொந்துகளைக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும் என்றும் ஐ.எஸ். 2572 விதி சொல்கிறது.

கல்லின் தரத்தை வாங்குபவரே ஓரளவு பார்த்துவிடலாம். நன்கு காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் மூழ்கவைத்து மறுபடி எடை போட வேண்டும். எடை 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்தக் கல் நிலத்துக்குள் போகத் தகுதியற்றது. வார்த்த கல்லுக்குக் குறைந்தது 14 நாள் நீராற்றலும், அதன் பிறகு சுமார் நான்கு வாரம் உலரும் காலமும் தேவை. வார்த்த வாரத்திலேயே லாரியில் ஏறும் கல், சுவரில் உட்கார்ந்த பிறகு சுருங்கும். பூச்சில் மயிரிழை விரிசல்களாக அது வெளிப்படும்.

கட்டும் வரிசை

முதலில் வானம், அதாவது அஸ்திவாரக் குழி. நெகிழ்ந்த மேல்மண்ணைக் கடந்து கெட்டி மண் வரும்வரை தோண்ட வேண்டும். செம்மண் மனைகளில் நான்கைந்து அடியில் பெரும்பாலும் கிடைத்துவிடும். குழியின் அடி ஒரே மட்டமாகவும், மண் ஒரே வகையாகவும் இருப்பது ஆழத்தைவிட முக்கியம். பாதிச் சுவர் சரளையிலும் பாதி பழைய கிணற்றை மூடிய மண்ணிலும் நின்றால், விரிசல் எந்த இடத்தில் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அடியை நனைத்து இடித்து, அதன் மேல் ஜல்லிக் கான்கிரீட் படுகை. அதில் முதல் வரிசைக் கல்லை ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துச் சரிபார்த்துப் பதிக்கிறார்கள். மூலைக் கற்களை முதலில் வைத்து, நூல் கட்டி, இடையில் நிரப்புவது முறை. மேல் வரிசைக் கல்லின் நடு, கீழ் வரிசை இணைப்பின் மேல் வர வேண்டும்.

செங்கல் பழக்கம் கான்கிரீட் கல்லில் தவறாகும் இடம் ஒன்று உண்டு. செங்கல்லை ஊறவைத்துக் கட்டுவார்கள். கான்கிரீட் கல்லை ஊறவைக்கக் கூடாது. ஊறிய கல் உப்பி, பின்பு உலர்ந்து சுருங்கும்போது இணைப்பைப் பிளக்கும். மேற்பரப்பில் லேசான தெளிப்பு போதும். கலவையும் கல்லைவிடச் சற்று மெலிந்திருக்க வேண்டும். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற விகிதம் வழக்கம். அப்போது சிறு அசைவுகளை இணைப்புகள் ஏற்றுக்கொள்ளும், கல் உடையாது.

தரை மட்டத்துக்கு மேல் சுற்றிலும் கம்பி கட்டி வார்க்கும் பெல்ட் கான்கிரீட், எல்லாச் சுவர்களையும் ஒன்றாகப் பிணைக்கிறது. அதன் மேல் ஈரத்தடுப்புப் பூச்சு வரும். இது விட்டுப்போனால் மண்ணின் ஈரமும் உப்பும் கல்லின் நுண்துளைகள் வழியே ஏறி, சுவரின் கீழ்ப்பகுதியில் பூச்சு பொரிந்து உதிரும்.

பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பும் நாளில்தான் பல சுவர்கள் கெடுகின்றன. குளிர்நாடுகளில் நிலவறைச் சுவரை வெளியிலிருக்கும் மண் உள்ளே தள்ளுகிறது. தமிழக வீட்டில் உள்ளே நிரப்பிய கிராவல் சுவரை வெளியே தள்ளுகிறது. கட்டிய இரண்டாம் நாளே லாரி மண்ணைக் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டால், இறுகாத சுவர் வயிறு தள்ளி நிற்கும். ஒரு வாரம் கழித்து, அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து, இடித்து நிரப்புவதே சரி.

கரிசலுக்குத் தனி வழி

உப்பும் மண் ஆழமாக இருந்தால், சுவருக்குக் கீழே தொடர்ந்து படுகை போடுவது பயன் தராது. இதற்கு ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை குமிழ்த்தூண். நிலத்தில் குறுகலாகத் துளையிட்டு, அடியில் குடம்போல் அகழ்ந்து, கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புகிறார்கள். குமிழின் விட்டம் தண்டைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. ஆழம் குறைந்தது 3.5 மீட்டர், அங்கே ஈரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும். மேல்மண் உப்பித் தூக்கினாலும் குமிழ் கீழே பிடித்துக்கொள்ளும். தூண்களின் தலைகளை இணைக்கும் உத்தரத்துக்குக் கீழே, மண்ணைத் தொடாமல் சுமார் 8 செ.மீ. இடைவெளி விடுவது கட்டாயம். அந்த உத்தரத்தின் மேல்தான் கான்கிரீட் கல் சுவர் எழும்புகிறது.

கரிசலின் கனம் குறைவாக இருந்தால் அதை முழுவதும் அள்ளிவிட்டு, உப்பாத கிராவலை அடுக்கடுக்காக இடித்து நிரப்பலாம். எந்த முறையானாலும் வீட்டைச் சுற்றி மூன்று அடிக்குக் குறையாத சரிவுத் தளம் வேண்டும். குளியலறை நீரும் மாடி மழைநீரும் சுவரோரத்தில் இறங்கக் கூடாது. வேம்பு, அரசு போன்ற மரங்கள் கோடையில் ஒரு மூலையின் ஈரத்தை மட்டும் உறிஞ்சிவிடும். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் விலக்கி நடுவது பாதுகாப்பு.

விரிசலைப் படிப்பது

அடிச்சுவரை மாற்றுவதற்கு முன் விரிசல் சொல்வதைக் கேட்க வேண்டும். கல் இணைப்புகள் வழியே படிக்கட்டுபோல் ஏறும் விரிசல், மண் சமமாக இறங்கவில்லை என்பதன் அடையாளம். மேலே அகன்று கீழே ஒடுங்கினால் சுவரின் முனைகள் இறங்குகின்றன அல்லது நடுப்பகுதி எழும்புகிறது. கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது. பேஸ்மட்டத்தில் கிடைமட்டமாக ஓடினால் நிரப்பிய மண் தள்ளுகிறது.

விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்க்க வேண்டும். கண்ணாடி உடையாவிட்டால் அசைவு நின்றுவிட்டது. பூசி மூடினால் போதும். உடைந்தால் காரணம் இன்னும் கீழே இருக்கிறது. பல வீடுகளில் அந்தக் காரணம் கசியும் கழிவுநீர்க் குழாய்தான். அதைச் சரிசெய்தாலே பல அஸ்திவாரங்கள் அமைதியாகிவிடுகின்றன.

பழைய சுவரை மாற்றுவது

உண்மையிலேயே மாற்ற வேண்டுமென்றால், முதலில் கூரை எடையைத் தாங்க முட்டுகள் கொடுக்க வேண்டும். பிறகு சுவரின் நீளத்தை மூன்று, நான்கு அடித் துண்டுகளாகப் பிரித்து எண் இட வேண்டும். ஆறு துண்டுகள் என்றால் முதலில் 1, 4. அடுத்து 2, 5. கடைசியில் 3, 6. அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை ஒரே நேரத்தில் திறப்பது பேராபத்து. திறந்த இடத்தில் பழைய கல்லை எடுத்து, கெட்டி மண் வரை ஆழப்படுத்தி, கான்கிரீட் படுகை போட்டு, அது இறுகிய பின் புதிய கல் கட்டு எழும்புகிறது.

புதிய கட்டின் தலைக்கும் பழைய சுவரின் அடிக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி விடுவார்கள். புதிய கட்டு சுருங்கி அடங்க ஓரிரு நாள் விட்டு, ஈரம் குறைந்த ஒன்றுக்கு மூன்று கலவையை அந்த இடைவெளியில் இடித்துத் திணிக்கிறார்கள். எடை புதிய சுவருக்கு மாறுவது இந்தத் திணிப்பில்தான். அது இறுகிய பிறகே அடுத்த துண்டைத் தொடலாம். இதைக் கட்டடப் பொறியாளரின் மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாது. மழைக்காலத்திலும் செய்யக் கூடாது.

சாலை உயர்ந்து வீடு பள்ளத்தில் அமிழ்ந்துபோன நகரங்களில், ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்தும் முறை பரவியிருக்கிறது. சென்னை உள்ளிட்ட ஊர்களில் ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள் இதைச் செய்கின்றன. பேஸ்மட்டத்தில் சுவரைச் சிறிது சிறிதாக அறுத்து, இரும்புச் சட்டமும் திருகு ஜாக்கிகளும் பொருத்தி, எல்லா ஜாக்கிகளையும் ஒரே சீராகத் திருகி உயர்த்துகிறார்கள். உருவான இடைவெளியில் புதிய சுவர் கட்டப்படுகிறது. இதனால் வெள்ளநீர் வீட்டுக்குள் வருவது நிற்கும். ஆனால் அறுத்த இடத்துக்குக் கீழே இருப்பது அதே பழைய அஸ்திவாரம், அதே மண். கரிசல் அசைவால் வெடித்த வீட்டுக்கு இது மருந்தாகாது.

வீடு கட்டுவோர் டைல்ஸுக்கும் வண்ணத்துக்கும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, கட்டுமானச் செலவில் மிகச் சிறிய பங்கு. பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் தனியார் ஆய்வகங்களிலும் அதைச் செய்துகொள்ளலாம். மனைக்கு முதல் லோடு கல் வருவதற்கு முன்பே அந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். பிற்பாடு அடிச்சுவரை மாற்ற ஆகும் செலவையும் ஆபத்தையும் தவிர்க்க அதைவிட மலிவான வழி இல்லை.