சத்தம் எதைத் தொடர்ந்து போகிறது?

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், நேராக மெக்கானிக்கிடம் போய் அதை வாயாலேயே எழுப்பிக் காட்டுகிறோம். 'கொர்ர்' என்பார் ஒருவர், 'கடகட' என்பார் இன்னொருவர். ஆனால் ஒரே பழுது இரண்டு வண்டிகளில் இரண்டு விதமாகக் கேட்கும். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எது மாறும்போது அதுவும் மாறுகிறது என்பதே நம்பகமான தடயம்.

கார் வேகமெடுக்கும்போது மூன்று கூடுகின்றன: இன்ஜின் சுழலும் வேகம், சக்கரம் சுழலும் வேகம், இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் விசை. மூன்றும் ஒன்றாக ஏறுவதால்தான் குழப்பம் வருகிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்க மூன்று சோதனைகள் போதும்.

முதலில், வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ரெய்ஸ் செய்யுங்கள். சத்தம் வந்தால் கோளாறு இன்ஜின் பக்கம். வராவிட்டால், வெறிச்சோடிய நேர்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் நான்காம் கியரில் போய், வேகம் குறையாமல் மூன்றாம் கியருக்கு மாறுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவல் மோடில் இதைச் செய்யலாம். சக்கரம் முன்போலவே நொடிக்கு ஏறத்தாழ 9 சுற்று சுற்றும். இன்ஜின் மட்டும் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலிருந்து 2,700 வாக்கில் ஏறும். சத்தமும் கூடவே ஏறினால் அது இன்ஜினோடு சேர்ந்தது. மாறாமல் இருந்தால் சக்கரத்தோடு சேர்ந்தது. மூன்றாவதாக, அதே வேகத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சட்டென்று நின்றுபோனால், விசை பாயும்போது மட்டும் எழும் சத்தம் அது. எந்தச் சோதனையிலும் ஓடும் வண்டியில் இன்ஜினை அணைக்கக் கூடாது. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி விசை போய்விடும்.

இன்ஜின் சுழற்சியைத் தொடரும் சத்தங்களில் அடிக்கடி வருவது பெல்ட்டின் 'கீச்'. ஈரமான காலையிலும் ஏ.சி. போட்டதும் அது கூடினால் பெல்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். குறிப்பிட்ட ஒரு ஆர்.பி.எம்.மில் மட்டும் தகரம் அதிர்ந்து அடங்கினால், சைலன்ஸர் குழாயை மூடியிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டைப் பாருங்கள். அதன் இயல்பான அதிர்வெண்ணும் இன்ஜினின் துடிப்பும் ஒத்துப்போகும் இடம் அது. ஒரு போல்ட்டை முடுக்கினாலே சரியாகலாம். 'புஸ் புஸ்' என்ற சத்தம் மட்டும் அலட்சியத்துக்குரியதல்ல. புகைக் கசிவு என்றால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே வரக்கூடும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு அன்றே ஒர்க் ஷாப்புக்குப் போய்விட வேண்டும்.

சக்கரத்தைத் தொடர்ந்து வருவது பெரும்பாலும் 'ஊம்ம்' என்ற ரீங்காரம். இடப்புறம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் விழும். அப்போது ரீங்காரம் கூடினால் வலப்பக்க வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். சாலைப் பரப்பு மாறியதும் ஒலியும் மாறினால், சீரற்றுத் தேய்ந்த டயராக இருக்கலாம்.

விசையைத் தொடரும் சத்தங்களே நுட்பமானவை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சில பெட்ரோல் வண்டிகளில் 'கிணிகிணி' என்று உலோக ஒலி கேட்கும். இதுதான் நாக்கிங். தீப்பொறியில் பற்றிய சுடர் சீராகப் பரவி வருவதற்குள், மூலையில் எரியாமல் மிஞ்சிய கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானே வெடிக்கிறது. அந்த அழுத்த அலை சிலிண்டரைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வில் ஒலிக்க வைக்கிறது. இதை அடக்கத்தான் 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தார். அந்த நஞ்சு உலகமெங்கும் காற்றில் கலந்தது. இந்தியா அதைக் கைவிட 2000ஆம் ஆண்டு ஆனது. இன்றைய கார்களில் இன்ஜின் பிளாக்கில் பொருத்திய உணரி அந்த அதிர்வை உணர்ந்து, தீப்பொறியைச் சற்றுத் தாமதிக்கச் செய்கிறது. ஓட்டுநர் செய்ய வேண்டியது கியரைக் குறைப்பது. அப்படியும் நிற்காவிட்டால் எரிபொருளின் ஆக்டேன், கார்பன் படிவு, இன்ஜின் சூடு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து விசை கொடுத்தால் 'டக் டக்' என்று கேட்கிறதா? முன் சக்கரம் இழுக்கும் கார்களில் அது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்புற சி.வி. ஜாயிண்டாக இருக்கலாம். சக்கரம் திரும்பிய நிலையிலும் ஒரே சீராகச் சுழல அதனுள் ஆறு எஃகுக் குண்டுகள் உதவுகின்றன. மேலே போர்த்திய ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண்ணும் நீரும் புகுந்து, குண்டுகள் ஓடும் தடத்தை அரித்துவிடும். கிழிசலை உடனே கவனித்தால் பூட்டோடு செலவு முடியும். சத்தம் வந்தபின் பெரும்பாலும் ஜாயிண்டையே மாற்ற வேண்டும்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணமும் விட்ட கணமும் 'தொம்' என்று ஒரு இடி விழுந்தால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். அடியிலிருந்து கனமான 'டொக் டொக்' ஒலியும் ஆயில் விளக்கும் சேர்ந்து வந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

மெக்கானிக்கிடம் போகுமுன் நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: இன்ஜின் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, எந்த வேகம், எந்த கியர், காலை எடுத்ததும் நின்றதா. முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். காரணம் தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கும் செலவு மிச்சமாகும். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது அதே சோதனைகளை, அதே வேகத்தில், அதே கியரில் திரும்பச் செய்து பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.