தாய் வகுப்பும் தனி வண்ணமும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியிலுள்ள பெஹாலாவில், பரிஷா என்னுமிடத்தில், சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரின் துர்க்கா பூஜை ஆண்டுதோறும் நடைபெறுகிறது. இது 1610ஆம் ஆண்டில் தொடங்கியதெனக் குடும்ப மரபு கூறும். வங்காளத்தில் துர்க்கைப் படிமம் உருவாகும் முறை கருதத்தக்கது. முதலில் மரச்சட்டம் அமைப்பர். இதனைக் ‘காட்டாமோ’ என்பர். அதன்மீது வைக்கோலும், வைக்கோலின்மீது களிமண்ணும், களிமண்ணின்மீது வண்ணமும் ஏறும். படிமத்தை நீரில் கரைத்த பின்னர், சட்டத்தை மட்டும் மீட்டு, மறு ஆண்டும் அதன்மீதே புதிய படிமம் சமைக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. சட்டம் பழையது, வண்ணம் புதியது.

கணிப்பொறித் திரையில் நாம் காணும் பொத்தான்களும் பட்டியல்களும் பெரும்பாலும் இவ்வாறே உருவாகின்றன என்றால் வாசகர்கள் வியப்படையலாம். அம்முறையையும், அதில் நேரும் ஒரு பிழை நம் நாட்டு எழுத்துகளை எங்ஙனம் சிதைக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

மரபுரிமை என்பது யாது?

கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். நிரலில் ஒரு பொருளின் இயல்புகளையும் செயல்களையும் ஒருங்கே வகுத்துரைப்பது ‘வகுப்பு’ ஆகும். ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்பைப் பிறப்பித்தால், பிறந்தது தாயின் இயல்புகளையெல்லாம் பெறும். வேண்டிய செயலை மட்டும் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளும். இதுவே மரபுரிமை.

நார்வே நாட்டில் ஓஸ்லோ நகரத்துக் கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இரு அறிஞர்கள் வகுத்த ‘சிமுலா 67’ என்னும் மொழியில் இக்கருத்து முதன்முதலாகத் தெளிவான உருப்பெற்றது. 1970களில் அமெரிக்காவில், பாலோ ஆல்ட்டோ நகரத்து ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஆலன் கே, டான் இங்கல்ஸ், அடீல் கோல்ட்பர்க் முதலியோர் ‘ஸ்மால்டாக்’ மொழியை உருவாக்கி, சாளரங்கள் நிறைந்த திரைக்கு அதனைப் பயன்படுத்தினர். 1995இல் வெளிவந்த ஜாவா மொழியும், 1998இல் அதனுடன் சேர்ந்த ‘ஸ்விங்’ என்னும் திரைக்கருவித் தொகுதியும் இவ்வழியில் வந்தவையே.

வண்ணந்தீட்டும் கடமை

2022 டிசம்பர் 30 அன்று தொடங்கி வைக்கப்பெற்ற ஜோகா–தாராதலா மெட்ரோ ரயில் பாதையில் பெஹாலா சௌரஸ்தா, பெஹாலா பஜார் என்னும் நிலையங்கள் உள்ளன. இத்தகைய நிலையப் பெயர்களைத் தாங்கிய பொத்தான்களுடன் ஒரு பயணச்சீட்டுத் திரையை நாம் அமைப்பதாகக் கொள்வோம். ஸ்விங் தொகுதியில் ஆயத்தப் பொத்தான் வகுப்பு ஒன்று உண்டு. அழுத்தினால் உணர்தல், விசைப்பலகைக்கு இணங்குதல், பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துரைக்கும் நிரலிடம் தன் பெயரை அறிவித்தல் ஆகிய யாவும் அதில் அமைந்துள்ளன. அதிலிருந்து ‘நிலையப் பொத்தான்’ என்னும் வகுப்பைப் பிறப்பித்தால் அவ்வளவும் உழைப்பின்றிக் கிடைக்கும். பெயரின்கீழ் ஒரு வண்ணப்பட்டை வேண்டுமெனில், ‘பெயின்ட் காம்போனென்ட்’ என்னும் ஒரு செயலை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

ஈண்டு இரண்டு விதிகளை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, அச்செயலை நாமே நேராக அழைத்தல் கூடாது. சாளரம் முதன்முதல் தோன்றும்போதும், அதன் அளவு மாறும்போதும், மறைந்து மீளும்போதும் ஸ்விங் அமைப்பே அதனை அழைக்கும். நிறத்தை நாம் மாற்ற விரும்பினால், ‘ரீபெயின்ட்’ என்னும் வேண்டுகோளை மட்டும் விடுக்கலாம். அடுத்தடுத்து வரும் வேண்டுகோள்களை அமைப்பு ஒன்றாகச் சேர்த்து, உரிய வேளையில் ஒரே முறை தீட்டும். இம்முறைக்குப் புறம்பாக வரைந்த கோடு அடுத்த முறை திரை தீட்டப்படுங்கால் அழிந்துபோகும்.

இரண்டாவது, நாம் மாற்றி எழுதும் செயலின் தொடக்கத்தில் தாய் வகுப்பின் அதே செயலை அழைக்க வேண்டும். பின்னணியைத் தூய்மை செய்வதும், பொத்தானின் பெயரை எழுதுவதும் தாயின் பணி. அதனை அழையாது விட்டால் பெயர் தோன்றாது. பழைய படத்தின் எச்சங்களும் திரையில் தங்கக்கூடும். தாய் தீட்டிய பின்னர் நம் பட்டையைத் தீட்டுவதே முறை.

பெயர் சிதையும் விதம்

நிரல் எழுதுவோர் ஒருவர், பெயரின் எழுத்துகளுக்கிடையே சற்று இடைவெளி இருந்தால் அழகாயிருக்கும் என்று எண்ணுகிறார் எனக் கொள்வோம். தாயை அழையாமல், பெயரிலுள்ள குறியீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடமிருந்து வலமாகத் தாமே வரைந்து விடுகிறார். ஆங்கில எழுத்துகளில் சோதித்துப் பார்க்கிறார். குறை ஏதும் தோன்றவில்லை. ஆயின் அதே நிரலில் ‘பெஹாலா’ என்னும் பெயரைத் தமிழில் இட்டால் நிகழ்வது வேறு.

1991இல் முதற்பதிப்பாக வெளிவந்த யூனிகோடு முறைப்படி, இச்சொல் கணிப்பொறியின் நினைவகத்தில் ஆறு குறியீடுகளாக நிற்கும்: பகரம், எகரக் குறி, ஹகரம், ஆகாரக் குறி, லகரம், ஆகாரக் குறி. கண்ணுக்குத் தோன்றுவனவோ மூன்று எழுத்துகளே. மேலும், பகரம் முன்னும் எகரக் குறி பின்னுமாக நினைவகத்தில் நிற்க, எழுத்தில் அக்குறி பகரத்திற்கு முன்னே வருகிறது. குறியீடு குறியீடாக வரைந்தால் கொம்பு தன் இடத்தை விட்டுப் பகரத்தின் பின்னே போய் நிற்கும். பல எழுத்துருக்களில் புள்ளிகளாலான ஒரு வட்டத்தைத் தாங்கித் தனித்துத் தோன்றும். வங்காள எழுத்தில் இப்பெயரை இட்டாலும் இதே கதிதான். அங்கும் எகரக் குறி மெய்க்கு இடப்புறமே அமையும். கூட்டெழுத்துகள் மிக்க சொற்களாயின் சிதைவு இன்னும் பெரிதாகும்.

தாய் வகுப்போ சொல்லை முழுமையாக எடுத்து, எழுத்துகளை ஒழுங்குசெய்யும் பகுதியிடம் ஒப்படைக்கிறது. குறிகளை இடம் மாற்றுவதும், கூட்டெழுத்துகளை இணைப்பதும், அகலத்தை அளப்பதும் அதன் வேலை. பல மொழிகளின் இலக்கணம் அறிந்தோர் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த செல்வம் அது. இடைவெளி தேவையாயின், அதனை எழுத்துருவின் ஓர் இயல்பாகக் குறித்துவிட்டு, வரையும் பணியைத் தாயிடமே விடலாம்.

சிலர் இன்னும் ஒரு படி மேற்சென்று, பொத்தான் வகுப்பையே விட்டு, வெற்றுப் பரப்பில் பொத்தான் போன்றதொரு படத்தை வரைவர். பார்வையுள்ளோர்க்கு அது பொத்தானாகவே தோன்றும். படித்துரைக்கும் நிரலுக்கோ அங்கே பொத்தான் என ஒன்றில்லை. ஆகவே பார்வையற்ற பயணி சீட்டுப் பெற இயலாது திகைப்பார். தம் ஊர்ப் பெயரைத் தம் எழுத்தில் படிக்க இயலாதவரின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே.

ஆதலின், மரபாகப் பெற்றவற்றுள் எதை மாற்றுகிறோம், எதை இழக்கிறோம் என்பதை ஆராய்ந்த பின்னரே வண்ணத்தைத் தொடுதல் வேண்டும். சோதனையையும் ஆங்கிலத்தோடு நிறுத்தாது, தமிழிலும் வங்காளத்திலும் பிற இந்திய மொழிகளிலும் செய்து பார்த்தல் நலம். படிமத்திற்குக் கண் எழுதும் கலைஞர் தம் தூரிகைக்குரிய வேலையைச் செய்து, சட்டத்தைத் தாங்கும் வேலையைச் சட்டத்திடமே விடுகிறார். திரையில் வண்ணந்தீட்டுவோர்க்கும் அதுவே தக்க நெறியாகும்.