பயணப் பெட்டியின் பலம் எங்கே இருக்கிறது?

சென்னைக்குத் தெற்கே, கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையம் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். வேலையின் பொருட்டு மாதம் இருமுறை மும்பைக்கோ டில்லிக்கோ பறந்து திரும்புகிறவர்கள் இப்பகுதியில் உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அண்ணனோ, அக்காளோ, சித்தப்பாவோ இருக்கலாம்.

அவருடைய பெட்டி எந்த வழியாகப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். தெருவின் மேடு பள்ளங்களைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம். பிறகு தாம்பரம் ரயில் நிலையத்தின் படிக்கட்டு. மின்சார ரயிலில் திரிசூலம். அங்கே இறங்கிச் சாலையைக் கடந்தால் விமான நிலையம். அதற்குப் பிறகு வழுவழுப்பான தரை. உலகத்தில் எந்த விமான நிலையத்துக்குப் போனாலும் தரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பெட்டிக்கு உண்மையான சோதனை வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வழியிலும், நாம் காணாத இடத்தில் அது தூக்கி எறியப்படும்போதும்தான் நடக்கிறது.

கடைக்குச் சென்று பெட்டி வாங்குகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? நிறத்தைப் பார்க்கிறார்கள், மேற்பரப்பின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் பெட்டி பெரும்பாலும் அந்த அகன்ற பரப்பில் உடைவதில்லை. அசையும் இடத்திலும் பொருத்திய இடத்திலுமே உடைகிறது. “அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்ற பழமொழி இதைத்தான் சொல்கிறது. ஆகவே, பெட்டியின் அச்சாணிகள் எவையெவை என்று காண்போம். நீங்கள் பள்ளியில் படிக்கும் பௌதிகமே இதற்குப் போதும்.

களைப்படையும் பொருள்கள்

மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து ஒருமுறை வளையுங்கள். உடையாது. அதே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் முறிந்துவிடும். ஒரே அடியில் உடைக்க முடியாத பொருளைச் சிறுசிறு அடிகள் சேர்ந்து உடைத்துவிடுகின்றன. இதற்குப் பொருள்களின் ‘களைப்பு’ என்று பெயர்.

ஒரு விமானப் பயணத்தில் பெட்டி குறைந்தது ஆறு தடவை தூக்கி வைக்கப்படுகிறது: வண்டியில், எடை பார்க்கும் இடத்தில், இழுவை வண்டியில், விமானத்தின் வயிற்றில், மீண்டும் இழுவை வண்டியில், சுழலும் பட்டையில். மாதம் இருமுறை சென்று திரும்புகிறவருக்கு ஆண்டில் 48 பயணங்கள். ஆறால் பெருக்கினால் 288 தடவை! ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவரின் பெட்டிக்கோ 12 தடவைதான். ஆகையால் ஒருவருக்கு நன்றாக உழைத்த பெட்டி மற்றவருக்கும் அப்படியே உழைக்கும் என்று சொல்ல முடியாது.

களைப்பினால் உண்டாகும் விரிசல் எங்கே தொடங்கும்? துளையின் மூலையில். இதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1954-இல் ‘காமெட்’ என்னும் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறி விழுந்தன. ஒரு காமெட் விமானத்தின் உடலைப் பெரிய தொட்டி நீரில் அமிழ்த்தி, அழுத்தத்தை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். உடலில் வெட்டப்பட்டிருந்த திறப்புகளின் மூலைகளிலிருந்து விரிசல் பரவியது தெரிய வந்தது. ஓர் ஓட்டில் துளை போட்டால் விசை அத்துளையின் ஓரத்தில் அதிகமாகக் குவிகிறது.

பெட்டியிலும் இப்படியே. சக்கரத்துக்காகவும் கைப்பிடிக்காகவும் வெட்டிய இடங்களே அதன் பலவீனமான இடங்கள். வாங்கும்போது அந்த இடங்களைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் தடித்த தகடோ சட்டமோ வைத்துத் தாங்கல் கொடுத்திருந்தால் நல்லது. மெல்லிய ஓட்டில் வெறும் இரண்டு ஆணிகளால் பிடித்திருந்தால், வேறு பெட்டியைப் பாருங்கள்.

சக்கரம்: பெரிதா, சிறிதா?

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்து 5,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. சந்திரனில் கால் வைத்தது 1969-இல். ஆனால் பயணப் பெட்டியில் சக்கரம் வைப்பதற்கு அமெரிக்காவில் பெர்னார்டு சாடோ காப்புரிமை பெற்றது 1972-இல்தான்! அவருடைய பெட்டி நான்கு சிறு சக்கரங்களில் நின்றது. ஒரு வாரினால் அதை இழுக்க வேண்டும். 1987-இல் ராபர்ட் பிளாத் என்னும் விமானி, பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் வைத்தார். சாய்த்து இழுத்தபோது பெட்டி ஒரு நெம்புகோலாக மாறியது. எடையின் பெரும்பகுதியைச் சக்கரம் தாங்கிக்கொள்ள, கைக்குச் சிறு பகுதியே வந்தது.

15 கிலோ பெட்டியைத் தூக்க ஏறக்குறைய 150 நியூட்டன் விசை வேண்டும். வழுவழுப்பான தரையில் உருட்டவோ சில நியூட்டன்களே போதும். ஆனால் தெருவில் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள கல் குறுக்கே வந்தால்?

சக்கரத்தின் ஆரத்தை ஆ என்றும், தடையின் உயரத்தை உ என்றும், சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைப் பா என்றும் கொள்வோம். தரைக்கு இணையாக இழுத்துத் தடையின் மேல் ஏற்ற வேண்டிய விசையைத் திருப்புத்திறன் விதியால் காணலாம். 5 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு ஆரம் 2.5 செ.மீ. அச்சிலிருந்து தடையின் முனைக்குக் கிடைமட்டத் தொலைவு 2 செ.மீ.; செங்குத்துத் தொலைவு 1.5 செ.மீ. ஆகவே விசை = பா × 2 ÷ 1.5, அதாவது பாரத்தைப்போல் 1.33 மடங்கு. 8 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு இதே கணக்கைச் செய்தால் 0.88 மடங்குதான் வரும். பாரம் 100 நியூட்டன் என்றால், சிறிய சக்கரத்துக்கு 133 நியூட்டன். பெரிய சக்கரத்துக்கு 88 நியூட்டன். உ என்பது ஆ-வுக்குச் சமமாகிவிட்டால், எவ்வளவு பலமாகக் கிடையாக இழுத்தாலும் சக்கரம் ஏறாது. அச்சுதான் முறியும்.

நான்கு சக்கரப் பெட்டியின் சக்கரங்கள் எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டியிருப்பதால் பெரும்பாலும் சிறியவை. வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும். விமான நிலையத் தரையில் அவை சுகமானவை. இரண்டு சக்கரப் பெட்டியின் சக்கரங்களைப் பெரிதாக வைக்கலாம். பாதி உள்ளே பதிந்திருப்பதால் அடியும் குறைவாகப் படும். சாய்த்து இழுப்பதால் நம் இழுவையின் ஒரு பகுதி மேல்நோக்கிச் சென்று தடையைத் தாண்டவும் உதவும். ஆகவே எந்தச் சக்கரம் நல்லது என்று கேட்பதைவிட, எந்தத் தெருவில் இழுக்கப்போகிறோம் என்று கேட்பதே சரி.

வளைகிற ஓடு உடையாது

15 கிலோ பெட்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அதன் ஆற்றல் 15 × 9.8 × 1 = 147 ஜூல். ஓடு விறைப்பாக இருந்து 1 செ.மீ. தூரத்தில் பெட்டி நின்றால், தரை அதன்மீது செலுத்தும் சராசரி விசை ஏறத்தாழ 14,700 நியூட்டன். ஓடு வளைந்து கொடுத்து 3 செ.மீ. தூரத்தில் நின்றால் விசை ஏறத்தாழ 4,900 நியூட்டன்தான். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதற்காகவே.

கடினப் பெட்டிகள் பெரும்பாலும் மூன்று வகைப் பிளாஸ்டிக்கில் வருகின்றன. ஏ.பி.எஸ். விறைப்பானது, விலை குறைவு; பலத்த அடியில் விரிசல் விடக்கூடும். பாலிபுரொப்பிலீன் லேசானது, நன்றாக வளைந்து நிமிரும். பாலிகார்பனேட் அடியைத் தாங்குவதில் பெயர் பெற்றது, விலை அதிகம். கடையில் மூடியின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் மட்டமான பெட்டி என்று பலர் ஒதுக்குகிறார்கள். அமுங்கி, உடனே பழைய நிலைக்கு மீண்டால் அது குறையன்று.

துணிப் பெட்டிகளில் ‘டெனியர்’ என்று ஓர் எண் எழுதியிருக்கும். 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொன்னால் அதுவே டெனியர். 1,680 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூல் 1,680 கிராம் எடையுள்ளது, அதாவது தடித்த நூல். நெசவும் தையலும் சரியாக இல்லாவிட்டால் இந்த எண்ணால் மட்டும் பயனில்லை. பட்டையும் கைப்பிடியும் சேரும் இடத்தில் பெட்டி போலக் குறுக்குத் தையல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஜிப்பும் மூடியும்

அதிகமாக நிரப்பிய பெட்டியில் ஜிப் வாய் பிளப்பதைக் கண்டிருப்பீர்கள். பல் உடைந்தது என்று எண்ணுவோம். பல சமயங்களில் பற்கள் நன்றாகவே இருக்கும். அவற்றைச் சேர்த்து அழுத்தும் ஓடுபகுதி தேய்ந்து அகன்றிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். பை தைக்கும் கடைகளில் சிறு செலவில் இதைச் செய்துகொள்ளலாம். ஜிப்பின் பட்டை அகலமாக இருப்பது நல்லது. வளைவுகள் கூராக இல்லாமல் வட்டமாக இருப்பது அதைவிட நல்லது.

இன்னொரு மூடியையும் மறக்கக் கூடாது: ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால் பங்களவுக்குக் குறையலாம். ஏறக்குறைய ஊட்டி மலையில் இருப்பது போல. தரையில் மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு விரிய முயன்று எண்ணெயை வெளியே தள்ளும். பிளாஸ்டிக் பாட்டிலானால் சற்று அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். பாயில் விதியின் பயன் இது.

பரணில் கெடும் பெட்டி

சில பெட்டிகள் பயணமே செய்யாமல் கெடுகின்றன. மூன்று நான்கு ஆண்டுகள் பரணில் இருந்த பெட்டியை இறக்கி இழுத்தால், சக்கரத்தின் மேலுறை பிட்டுப் போல உதிர்கிறது. உள்துணியின் பூச்சு விரலில் ஒட்டுகிறது. காரணம், பாலியூரித்தேன் என்னும் பொருளின் சில வகைகளை ஈரம் சிறுகச் சிறுகச் சிதைப்பதுதான். நீர் மூலக்கூறுகள் அதன் நீண்ட சங்கிலிகளை வெட்டுகின்றன. வெப்பம் அதிகமானால் வேகமும் அதிகம். கடலோரத்தில் உள்ள நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை.

பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி வைத்தால் உள்ளே அகப்பட்ட ஈரமும் வெளியேறாது. துடைத்து உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வாங்கும்போதே சக்கரம் திருகாணியால் பொருத்தப்பட்டதா என்று பாருங்கள். திருகாணி என்றால் கழற்றி மாற்றலாம். அடித்துப் பொருத்திய ஆணியானால் ஒரு சக்கரத்துக்காகப் பெட்டியையே எறிய நேரிடும்.

உயிரோடு விளையாடும் பொருள்

இதுவரை சொன்னவை தவறினால் துணிமணி கெடும், பணம் போகும். ஒரு பொருள் தவறினாலோ உயிர் போகும். அதுதான் கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க்.

இதனுள் இருப்பது லித்தியம் மின்கலம். உள்ளே இரு முனைகளையும் பிரிக்கும் மெல்லிய தாள் போன்ற சவ்வு கிழிந்தால், குறுக்குச் சுற்று ஏற்பட்டு வெப்பம் உண்டாகும். அவ்வெப்பம் வேதிவினையைத் தூண்ட, வினை மேலும் வெப்பத்தைத் தரும். தீச்சுடரை அணைத்தாலும் உள்ளே வெப்பம் பெருகிக்கொண்டே போகும். நீர் ஊற்றிக் குளிரச் செய்ய வேண்டும்.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட ஒரு சரக்கு விமானத்தில், லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்கில் தீப்பற்றியது. விமானம் விழுந்து விமானிகள் இருவரும் இறந்தனர். 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம்-அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றுவது தடை செய்யப்பட்டது. பவர் பேங்கைச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற விதியின் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? கைப்பையில் புகைந்தால் காண ஆள் உண்டு; நீர் ஊற்றவும் ஆள் உண்டு.

கைப்பையிலும் எங்கே என்பது முக்கியம். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் எரிந்தது. 176 பேரும் உயிருடன் வெளியேறினர். தலைக்கு மேலுள்ள தட்டில் இருந்த ஒரு பவர் பேங்கில் மின்காப்பு கெட்டுத் தீ தொடங்கியிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கூறினர். ஆகவே அதைக் கண்ணில் படும் இடத்தில், கைக்கெட்டும்படி வைத்திருக்க வேண்டும். உப்பியதையும் கீழே விழுந்து நசுங்கியதையும் விமானத்தில் ஏற்றவே கூடாது.

அனுமதியின் பொது அளவு 100 வாட்-மணி. கணக்கு எளிது: மில்லி ஆம்பியர்-மணியை மின்னழுத்தத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 10,000 × 3.7 ÷ 1,000 = 37 வாட்-மணி. 20,000 என்றால் 74. அளவு அச்சிடப்படாத மலிவுப் பொருளை வாங்காதீர்கள். மின்கலம் பதித்த பெட்டியானால் அதைக் கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கழற்ற முடியாத மின்கலமுள்ள பெட்டிகளை அமெரிக்க விமான நிறுவனங்கள் சில 2018 ஜனவரியிலேயே ஏற்க மறுத்துவிட்டன.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சுருள்வில் தராசைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலுள்ள சக்கரப் பெட்டியில் புத்தகங்களை நிரப்பி, கைப்பிடியில் தராசை மாட்டி, முதலில் வீட்டுத் தரையிலும், பிறகு சிமெண்டுத் தளத்திலும், பிறகு தெருவிலும் ஒரே வேகத்தில் இழுங்கள். மூன்று அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தின் விட்டத்தை அளந்து, ஒரு கிலோமீட்டரில் அது எத்தனை முறை சுற்றும் என்று கணக்கிடுங்கள். 5 செ.மீ. சக்கரமானால் 6,300 தடவைக்கு மேல் வரும். அச்சாணியின் உழைப்பு எவ்வளவு என்பது அப்போது தெரியும். அடுத்த முறை வீட்டில் பெட்டி வாங்கப் போகும்போது, நீங்களும் உடன் சென்று அதை முதலில் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.