ஒரே விண்மீனில் இரண்டு கைரேகை

மாசி மாத இரவில் ஒன்பது மணிவாக்கில் தெற்கே பார்த்தால் காமா வெலோரம் வெறுங்கண்ணுக்கே தெரியும். 1871 டிசம்பரில் சூரிய கிரகணம் பார்க்கத் தென்னிந்தியாவுக்கு வந்த இத்தாலிய வானியலாளர் லொரென்சோ ரெஸ்பிகி, வந்த இடத்தில் இதன் ஒளியையும் பிரித்துப் பார்த்தார். ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் வானவில் பட்டைக்கு நிறமாலை என்று பெயர். பெரும்பாலான விண்மீன்களின் நிறமாலையில் மெல்லிய கருங்கோடுகள் இருக்கும். இதிலோ பளிச்சென்ற, அகலமான ஒளிக்கோடுகள்! நான்கு ஆண்டுகளுக்கு முன், 1867இல், பாரிஸில் வுல்ஃப், ராயே என்ற இருவர் இத்தகைய மூன்று விண்மீன்களைக் கண்டிருந்தார்கள். அவர்கள் பெயரே இந்த இனத்துக்கும் நிலைத்தது.

கோடுகள் ஏன் ஒளிர்கின்றன? நாம் பார்ப்பது விண்மீனின் மேற்பரப்பை அல்ல, அதைச் சுற்றி வீசும் புயலை. ஏன் அகலமாக இருக்கின்றன? நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும் விலகிப் போவது சிவப்புப் பக்கமும் நகர்வதால், கோடு இரு பக்கமும் பரந்துவிடுகிறது. அந்த அகலமே வேகமானி. நொடிக்கு 2,000 கிலோமீட்டர் என்பது இங்கே சாதாரணம். அந்த வேகத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு அரை நொடிகூட ஆகாது. இப்படி ஆண்டுக்கு மூன்று பூமி எடையுள்ள பொருளை ஊதித் தள்ளுகிறது ஒரு விண்மீன்.

இத்தகைய விண்மீன்களைத் தேட ஏற்ற இடம், சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாஸ் கம்பானாஸ் மலை. பக்கத்தில் ஊர் வெளிச்சம் இல்லை, மழையும் அபூர்வம். ஃபிலிப் மாஸி, நிடியா மோரெல், கேத்ரின் நியூஜென்ட் குழுவினர் அங்குள்ள 1 மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கியால் பெரிய மெகல்லன் மேகம் என்னும் அண்டை விண்மீன் பேரடையைப் படமெடுத்தார்கள். ஒரே இடத்தை மூன்று வடிகட்டிகள் வழியாக எடுப்பார்கள்: இரண்டு, அந்த ஒளிக்கோடுகள் விழும் நிறங்களுக்கு, ஒன்று, கோடே இல்லாத பக்கத்து நிறத்துக்கு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சாதாரண விண்மீன்கள் மறைந்துவிடும், புயல்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். வாரப் பத்திரிகை ‘ஆறு வித்தியாசங்கள்’ ஆட்டம்தான், கண்டுபிடிப்பது கணினி. சிக்கியவற்றை அதே மலையிலுள்ள 6.5 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கியில் நிறமாலை எடுத்துச் சரிபார்ப்பார்கள்.

அப்போதுதான் விசித்திரம் சிக்கியது. சுமார் பத்து விண்மீன்களில் வுல்ஃப்-ராயேயின் ஒளிக்கோடுகளும், ஓ3 எனப்படும் மிகச் சூடான வகையின் கருங்கோடுகளும் சேர்ந்தே இருந்தன. இரட்டை விண்மீன் என்று முடித்துவிடலாமே? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் கணக்கு இடித்தது. ஒரு சாதாரண ஓ3 தனியாகவே இவற்றைவிடப் பத்து மடங்கு பிரகாசமாக இருக்கும்! ஜோடி இருந்தால் ஒன்றையொன்று இழுக்கும், கோடுகளும் முன்னும் பின்னும் ஆடும். பல இரவுகள் பார்த்தும் அவை ஆடவில்லை.

ஆக, இரண்டு கைரேகையும் ஒரே ஆளுடையது. வெப்பம் சுமார் ஒரு லட்சம் டிகிரி. சூரியனின் மேற்பரப்பைப்போல் பதினேழு மடங்கு. புயல் மட்டும் தன் இனத்தாருடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு மெலிந்தது. போர்வை மெலிந்ததால் உள்ளே இருக்கும் உடம்பும் தெரிகிறது: ஒளிக்கோடு புயலுடையது, கருங்கோடு மேற்பரப்புடையது. இத்தனை சூடான விண்மீனின் காற்று ஏன் இவ்வளவு சன்னமாக வீசுகிறது என்பதுதான் இப்போதைய கேள்வி.