காற்றுக்காக ஓர் ஓட்டோ



இதே கல்லூரியில் கணிதப் பிரிவில் படித்துப் பொறியியல் பீடத்துக்குப் போனவள் நான். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று யோசித்தபோது, எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வாப்பாவின் ஓட்டோதான் கண்ணில் பட்டது. ஓடும்போது காற்று அதை எவ்வளவு தடுக்கிறது? மழைக்காகப் பக்கச் சீலைகளை இறக்கிவிட்டால் அந்தத் தடை கூடுமா, குறையுமா? பெட்ரோல் விலை ஏறிய நாளிலிருந்து வாப்பா கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. கணினியில் கணித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

காற்றின் ஓட்டத்துக்கு நேவியர் - ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் இருக்கின்றன. ஓட்டோ போன்ற உருவத்துக்கு அவற்றைக் கையால் தீர்க்க முடியாது. ஆகவே வாகனத்தைச் சுற்றியுள்ள காற்றைச் சிறு சிறு கலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கலத்திலும் வேகத்தையும் அமுக்கத்தையும் கணினி கணிக்கும்படி செய்கிறோம். அதற்கு முதலில் வாகனத்தின் முப்பரிமாண மாதிரியுரு வேண்டும். கேட் மென்பொருளில் வரைந்த ஒரு முச்சக்கர வண்டி இணையத்தில் கிடைத்தது. சீட்டின் தையல்கூடத் தெரியும் அளவுக்கு அழகான வேலை. பாதி வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்கியது. கணிப்பு ஓடிய நாட்களைவிட அந்த மாதிரியுருவைத் திருத்திய நாட்களே அதிகம்.

கேட் மாதிரியுருவில் இருப்பது தகரமும் ரெக்சினும். எனக்கு வேண்டியதோ அவற்றைச் சுற்றியுள்ள காற்று. புட்டுக்குழலுக்குள் ஆவி எப்படிப் போகிறது என்று அறிய வேண்டுமானால் குழலை வரைந்தால் போதாது, குழலுக்குள் இருக்கும் வெற்றிடத்தையே ஓர் உருவமாக எடுக்க வேண்டும். அதுபோல, ஒரு பெரிய பெட்டி நிறையக் காற்றை எடுத்து, அதிலிருந்து ஓட்டோவைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் கணிப்புக்குரிய உருவம். பெட்டி சிறியதாக இருந்தால் காற்று அதன் சுவர்களுக்கும் வாகனத்துக்கும் இடையில் நெருக்குண்டு பொய்யான விடை வரும். ஆகவே முன்னால் வாகனத்தின் நீளத்தைப் போல் சில மடங்கும், பின்னால் அதைவிடக் கூடுதலாகவும் இடம் விட்டேன். என் பெட்டி 30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம்.

அதை முழுவதும் 1 மி.மீ கலங்களாகப் பிரித்தால் எத்தனை வரும்? பெருக்கிப் பாருங்கள்: இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் கோடி. என் மடிக்கணினி அதைத் தாங்காது. ஆகவே தூரத்தில் பெரிய கலங்கள், வாகனத்துக்கு அருகில் சிறியவை. அருகிலும் எவ்வளவு சிறியதாக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு, ஏனெனில் கலத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகிறது. சீட்டின் தையல், போல்ட் தலைகள், இலக்கத்தகட்டின் எழுத்துகள் எல்லாம் அழிய வேண்டியவையாகின. காற்றே போகாத மூடிய இடங்களுக்குள் இருந்த உதிரிப்பாகங்களையும் அழித்தேன்.

ஆனால் சிறியது எல்லாம் தேவையற்றது என்று நினைத்தது என் பிழை. அதைக் காட்டித் தந்தது ஓட்டோ அல்ல, ஒரு கட்டை. முதலில் விடை தெரிந்த ஓர் உருவத்தைக் கணித்துப் பார் என்றார் என் மேற்பார்வையாளர். 1984இல் அஹ்மத், ராம், ஃபால்டின் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில் வரும் உருவம் அது. கார் ஆய்வுக்காகவே செய்யப்பட்டது. ஆனாலும் அதற்குச் சில்லு இல்லை, கண்ணாடி இல்லை. 1044 மி.மீ நீளம், 389 மி.மீ அகலம், 288 மி.மீ உயரமான ஒரு கட்டை, நான்கு சிறு கால்களில் நிற்கிறது. முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் சரிவு. அந்தச் சரிவின் கோணத்தை மாற்றி மாற்றிக் காற்றுச் சுரங்கத்தில் அளந்தார்கள். 30 பாகை அளவில் இழுவை உச்சத்துக்குப் போய், அதைத் தாண்டியதும் திடீரென்று விழுந்துவிடுகிறது. கூரை முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பில் காற்று பிரிகிறதா, ஒட்டிக்கொண்டே இறங்குகிறதா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கண்ணாடியும் கதவும் இல்லாத அந்தக் கட்டையில் அந்த விளிம்பு கத்தி போலக் கூர்மையாக இருப்பது வீணுக்கல்ல. நானோ மேற்பரப்பை இலகுவாக்கும் கருவியை ஓட்டோவின் மேல் ஒரேயடியாக ஓட்டி, கூரையின் பின்விளிம்பை மழுக்கி வைத்திருந்தேன். திரும்ப முதலிலிருந்து!

அடுத்தது ஓட்டை. நான் பாவித்தவை ஃப்ரீகேட், ஓப்பன்ஃபோம் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள். (பெற்றோர்கள் கவனிக்க: இதற்கென்று எதுவும் விலைக்கு வாங்கத் தேவையில்லை.) ஓப்பன்ஃபோமில் கலங்களைப் பின்னும்போது, காற்று இருக்கும் இடத்தில் ஒரு புள்ளியைக் காட்டுகிறோம். அந்தப் புள்ளியிலிருந்து எட்டக்கூடிய இடம் எல்லாம் காற்றாகும். எட்டாத இடம் வாகனம். வெள்ளம் வீட்டுக்குள் வருவதைப் போலத்தான், ஒரு கீறல் போதும். என் மாதிரியுருவில் பின்பக்க எஞ்சின் பெட்டியின் இரண்டு தகடுகள் சந்திக்கும் இடத்தில் 3 மி.மீ இடைவெளி இருந்தது. பெரிய கலங்களோடு சோதித்தபோது பிரச்சினை தெரியவில்லை, கலம் இடைவெளியைவிடப் பெரியதாகையால் தானாகவே அடைபட்டுவிட்டது. நம்பிக்கையோடு கலங்களை நுணுக்கியதும் எஞ்சின் பெட்டிக்குள் காற்று புகுந்து நிரம்பியிருந்தது.

எல்லா இடைவெளிகளையும் தேடி அடைக்கும் கருவி உண்டுதானே என்று கேட்பீர்கள். உண்டு. அதை ஓட்டியதும் பயணிகள் ஏறும் பக்கத்தையும் சேர்த்து அடைத்துவிட்டது! எது ஓட்டை, எது வாசல் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றாக நான்தான் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ரெக்சின் ஹூட் இன்னொரு தலையிடி: வரைந்தவர் அதைத் தடிப்பே இல்லாத ஒரு பரப்பாக விட்டிருந்தார். அதற்கு உள்ளும் புறமும் கொடுத்தேன். சில்லு நிலத்தைத் தொடும் இடத்தில் காற்று ஊசிமுனையாக ஒடுங்கிக் கலங்கள் கோணலாகின்றன என்பதால், சில்லின் அடியில் மெல்லியதொரு மேடை வைத்து அந்த முனையை மறைத்தேன்.

இத்தனையும் செய்து ஓட விட்டால் இழுவை பூச்சியம் என்று வந்தது. உலகத்திலேயே காற்றுத் தடை இல்லாத முதல் ஓட்டோ! காரணம், கேட் கோப்பு மில்லிமீட்டரில் இருந்தது. எஸ்.டி.எல் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது எண்கள் மட்டுமே போகும், அலகு போகாது. ஓப்பன்ஃபோம் அவற்றை மீட்டராக எடுத்துக்கொண்டது. 2.6 மீட்டர் வாகனம் 2600 மீட்டர் மலையாகி, என் 30 மீட்டர் காற்றுப் பெட்டி அதன் சுவர் எதிலும் படாமல் உள்ளே ஒரு மூலையில் கிடந்தது. பௌதிகவியல் பாடத்தில் அலகு எழுத மறந்ததற்கு ஆசிரியை புள்ளி குறைத்தபோது அழுதவள் நான். கணினி புள்ளியும் குறைக்கவில்லை, பிழை என்று சொல்லவும் இல்லை. ஒழுங்காகக் கணித்து ஒரு விடையைத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

எல்லாம் திருத்திய பிறகு ஒரு நாள் இரவு வாப்பாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

“நம்பர் பிளேட்டில எழுத்தைக் காணோமே மகள்?”

“காத்து அதை வாசிக்காது வாப்பா.”

சிரித்தார். பிறகு திரைக்குக் கிட்ட வந்து ஹூட்டின் பின்பக்கத்தைத் தொட்டார். “இது என்ன, பின்னுக்கு மூடியிருக்கு? எங்கட ஓட்டோவில பின்சீலையைச் சுருட்டித்தானே கட்டியிருக்கிறன். ஆக்களுக்குக் காத்து வரணுமே. பெரிய மழைக்கு மட்டும்தான் இறக்குறது.”

முன்னால் புகும் காற்று பின்னால் வெளியேறுமா, உள்ளேயே சிக்குமா என்பது என் கேள்வியின் பாதி. வேறு யாரோ வரைந்த படத்தில் அந்தச் சீலை மூடியிருந்தது, நானும் வாசலில் நிற்கும் வண்டியைப் போய்ப் பார்க்கவில்லை. உம்மாவின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனோம். வாப்பா கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தார், நான் அளந்தேன். சுருட்டிக் கட்டிய சீலையின் தடிப்பையும் அளக்கச் சொன்னார். உள்ளே வந்து ஹூட்டின் பின்பக்கத்தை வெட்டித் திறந்து, விளிம்பை மழுங்காமல் விட்டு, மீட்டர் என்பதை இரண்டு தரம் பார்த்து, கணினியை ஓட விட்டுப் படுத்தேன்.