கொழுந்து லொறியில் ஒயில் குழாய் ஒழுகினால்

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து ஏற்றும் லொறிகளின் வயதைக் கேட்கக் கூடாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் முழுதாகத் திறந்தது. இடையில் எல்லோரும் பழையதைத் தட்டிக்கொட்டி ஓட்டினார்கள். திறந்த பிறகு விலையைக் கேட்டுவிட்டுப் பழையதிலேயே மறுபடி ஏறிக்கொண்டவர்களும் உண்டு. அப்படி ஓடும் டீசல் லொறிகளில் சத்தமில்லாமல் தொடங்கி ஒரே நாளில் என்ஜினைத் தின்றுவிடும் கோளாறு ஒன்று இருக்கிறது. ஒயில் கூலருக்குப் போய்வரும் குழாய்கள் ஒழுகுவதுதான் அது.

“சொட்டுத்தானே, வாரத்துக்கு ஒரு லீற்றர் ஊற்றினால் போச்சு” என்பார்கள். சம்பில் தேங்கிக் கிடக்கும் ஒயில் கேஸ்கட் வழியாகக் கசிந்தால் அந்தப் பேச்சு ஓரளவு செல்லும். கூலர் குழாய்க்குச் செல்லாது. பம்ப் சம்பிலிருந்து உறிஞ்சும் ஒயிலை அழுத்தத்தோடு இந்தக் குழாய் வழியாகத்தான் கூலருக்குத் தள்ளுகிறது. சூடு தணிந்த ஒயில் இன்னொரு குழாயில் திரும்பி, கிராங்க் பேரிங்குகளுக்குப் போகிறது. குழாய் வெடித்தால் சம்பில் இருப்பது முழுவதையும் பம்பே வெளியே கொட்டிவிடும், அதுவும் சில நிமிடங்களுக்குள். அதன் பிறகு பேரிங் பிடிக்க அதிக நேரம் ஆகாது. கொட்டிய ஒயில் சூடான எக்சோஸ்ட் மேல் பட்டால் தீயும் பிடிக்கலாம்.

மலைநாட்டில் இந்தக் குழாய்கள் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் உண்டு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாசி விடியலில் பனி கொட்டும்போது ஒயில் குழம்பாக இறுகியிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை மிதித்தால், அந்தத் தடித்த ஒயிலைத் தள்ளும் பம்பின் அழுத்தம் முழுவதையும் முதலில் தாங்குவது இந்தக் குழாய்தான். சிறிது நேரத்தில் அதே லொறி சுமையோடு முதல் கியரில் ஏறும். ஒயில் 100 பாகையைத் தாண்டும். விடியலில் குளிர், முற்பகலில் கொதிப்பு என்று வருடக் கணக்கில் போனால் இறப்பர் கல்லாக இறுகி வெடிப்பு விடுகிறது. போதாததற்குத் தோட்டத்துக் கல்பாதையின் உதறல் வேறு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கும், ஒயிலும் கூடச் சேர்ந்து சூடேறும். மூடியை மாற்றுவது மலிவு; அதைச் செய்யாமல் குழாயை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை.

முதலில் உங்கள் லொறிக்கு இந்தக் குழாய்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல ஜப்பான் லொறிகளில் கூலர் என்ஜின் பக்கவாட்டில், ஒயில் பில்டருக்கு அருகே, ஒரு மூடிக்குள் தண்ணீரில் மூழ்கி இருக்கும். வெளியே குழாய் இருக்காது. அங்கே ஒழுகினால் கேஸ்கட்டோ ஓ-றிங்கோ போயிருக்கும். கூலர் உள்ளேயே ஓட்டையானால் ரேடியேட்டர் தண்ணீரில் ஒயில் மிதக்கும். அது வேறு வேலை. ரேடியேட்டருக்கு முன்னால் தனியாகக் கூலர் நின்று, அதிலிருந்து இரண்டு குழாய்கள் என்ஜினுக்கு வந்தால், மேலே படியுங்கள்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி சாமர்த்தியம். ஓடும்போது அடிக்கும் காற்று ஒயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். கூலர் பக்கம் ஒழுகுவது கியர்பொக்ஸ் அடியில் வந்து சொட்டும். ஆகவே சொட்டும் இடத்தை நம்பக் கூடாது. டீசலும் சோப்புத் தூளும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, குழாய்கள் மேலும் இணைப்புகள் மேலும் முகப்பவுடரைத் தூவுங்கள். என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் வெள்ளையில் கறுப்புக் கோடு தெரியும். அதில் மிக உயரமாகவும் மிக முன்னாலும் இருக்கும் ஈரம்தான் ஒழுகலின் தலை. பெரும்பாலும் அது இறப்பர் ஹோசும் உலோக முனையும் சேரும் இடமாக, அந்த நசுக்கிய வளையத்துக்கு அடியில் இருக்கும். அங்கே ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குவதில் அர்த்தமே இல்லை.

ஒரு குழாய்தான் ஒழுகுகிறது என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயது, ஒரே சூட்டில் வெந்தவை.

லொறியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை கொடுத்து, பெட்டரி வயரைக் கழற்றுங்கள். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் ஒயில் அடித்து வையுங்கள். கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஒன்று கூலரின் கழுத்தை அசையாமல் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் பலமாகத் திருப்பினால் அலுமினியக் கழுத்தும் கூடவே முறுக்கிக்கொள்ளும். ஹோஸ் மாற்றப் போய்க் கூலரையே மாற்ற வேண்டி வருவது பெரும்பாலும் இப்படித்தான். குழாய் கழன்றதும் திறந்த வாய்களைச் சுத்தமான துணியாலோ பிளாஸ்டிக் மூடியாலோ அடைத்துவிடுங்கள்.

பழைய குழாயை வெட்டாமல் முழுதாக, முனைகளோடு, ஹைட்ரோலிக் ஹோஸ் அடிக்கும் கடைக்குக் கொண்டு போக வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துவிட்டாலும் சரி, மாதிரி கையில் இருக்க வேண்டும். நீளம் மட்டும் ஒத்தால் போதாது. இரண்டு முனை வளைவுகளும் ஒன்றுக்கொன்று எந்தப் பக்கம் பார்க்கின்றன, உள் கூம்பு எத்தனை பாகை, மரை எந்த வகை என்பதெல்லாம் ஒத்துப்போக வேண்டும். 37 பாகைக் கூம்பும் 45 பாகைக் கூம்பும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மாற்றிப் பூட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். ஹோசின் சூட்டுத் தாங்கலையும் கேளுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 100ஆர்1, 100ஆர்2 வகைகள் அழுத்தத்தை வேண்டிய மட்டும் தாங்கும். அவற்றின் பொதுவான சூட்டு எல்லையோ 100 பாகைதான். மலையேறும் என்ஜின் ஒயிலுக்கு அது காணாது. அதிக சூடு தாங்கும் ஒயில் ஹோஸ் என்று தனியாகக் கேட்டு, ஹோஸ் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோசையோ டீசல் ஹோசையோ வெட்டிக் கிளிப் போட்டுத் தரும் கராஜாக இருந்தால், லொறியை வேறு கராஜுக்குக் கொண்டு போங்கள்.

பூட்டும்போது ஹோஸ் முறுக்கக் கூடாது. மேலே அச்சடித்த கோடு நேராக ஓடினால் சரி. கூலர் சேசிஸோடு நிற்கிறது, என்ஜினோ மவுண்டில் ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கு ஹோசில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். எக்சோஸ்டை விட்டு விலக்கி, இறப்பர் வைத்த பிடியால் கட்டுங்கள். துளைபோட்ட போல்ட் இணைப்புகளுக்குப் புதிய செப்பு வாஷர், இரண்டு பக்கமும். கூம்பு இணைப்பில் வெள்ளை டேப் சுற்றவே கூடாது. அது உலோகமும் உலோகமும் அமர்ந்து அடைக்க வேண்டிய இடம். பிய்ந்த டேப் துணுக்கு ஒயில் வழியை அடைத்துக்கொள்ளும்.

பழைய ஒயிலை வடித்து, புது பில்டர், புது ஒயில் போட்டு, பெட்டரி வயரை மாட்டியதும் உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம். கூலரும் குழாயும் காலியாக இருக்கின்றன. பழைய லொறிகளில் என்ஜினை நிறுத்த இழுக்கும் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டுச் சில தடவை ஸ்டார்டரைச் சுற்றுங்கள். ஒயில் கேஜ் முள் எழுந்த பிறகே பற்றவிட வேண்டும். கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டு இணைப்புகளைப் பார்த்து, நிறுத்தி, அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். முதல் சுமைப் பயணம் போய் வந்ததும் மறுபடி ஒரு பார்வை.

கினிகத்தேனை ஏற்றத்திலோ இறம்பொடை வளைவிலோ கேஜ் முள் விழுந்தால், “பெக்டரி வரைக்கும் போய்விடுவோம்” என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி, அந்த நிமிடமே என்ஜினை நிறுத்துங்கள். சில கராஜ் பாஸ்மார் கூலரை விட்டுவிட்டு இரண்டு குழாய் வாய்களையும் நேராக இணைத்துவிடுவார்கள். சுமையை இறக்கிய பிறகு பக்கத்துக் கராஜ் வரை மெல்லப் போக அது உதவலாம். கொழுந்தோடு மலையேற உதவாது. ஒழுகும் ஒயில் லொறியை மட்டும் கெடுப்பதில்லை; கொழுந்தும் சுற்றியுள்ள வாடையை இழுத்துக்கொள்ளும். ஒயில் படிந்த சாக்கைப் பெக்டரியில் திருப்பி அனுப்பினால் அதில் அநியாயம் எதுவும் இல்லை.

வடித்த பழைய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துக் கான்களும் ஓடைகளும் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களுக்கும் அவற்றின் ஆறுகளுக்கும் போகின்றன. அந்த ஆறுகள் சேர்ந்ததுதான் களனி கங்கை, கொழும்பு குடிக்கும் தண்ணீர். கீழே கொழும்பு வரை போவானேன், லயத்துப் பீலிக்கு வருவதும் மேலே எங்கோ ஓடும் அதே தண்ணீர்தான்.

தோட்டத்தில் கொழுந்தைக் கிலோக் கணக்கில் புத்தகத்தில் எழுதுகிறோம். அந்த லொறிக்கு எந்தத் திகதியில் எவ்வளவு ஒயில் ஊற்றினோம் என்பதையும் எழுதி வையுங்கள். கணக்கு ஏறத் தொடங்கிய வாரமே குழாயைப் பாருங்கள்.