புதிதாக ஓட்டத் தொடங்கும் இளையோரும் வலுமிக்க மோட்டார் சைக்கிள்களும்

இங்கிலாந்தில் 18 வயதில் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆனால் அதே வயதில் விரும்பிய மோட்டார் சைக்கிளை ஓட்ட இயலாது. இது நியாயமா என இளையோர் வினவுவதுண்டு. வாகனம் வாங்குவதற்கு முன்னர் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டிய விதிகளையும் அவற்றின் காரணத்தையும் இங்கே தருகிறோம்.

சட்டம் அனுமதிப்பவை

• 17 வயது: தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற்று, சிபிடி எனப்படும் கட்டாய அடிப்படைப் பயிற்சியை முடித்தவர் 125 சி.சி., 11 கிலோவாட் வரையான வாகனத்தை ஓட்டலாம். ‘எல்’ பலகை பொருத்த வேண்டும். பின்னால் எவரையும் ஏற்றவோ மோட்டர்வேயில் செல்லவோ கூடாது. சிபிடி சான்றிதழ் 2 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் சித்தியடைந்து ஏ1 அனுமதிப்பத்திரம் பெற்றால் இக்கட்டுப்பாடுகள் நீங்கும். வலுவின் எல்லை மாறாது.
• 19 வயது: ஏ2 அனுமதிப்பத்திரம், 35 கிலோவாட் வரை.
• 21 வயது: ஏ2 பெற்று 2 ஆண்டுகள் நிறைந்தபின், மீண்டும் செய்முறைப் பரீட்சையில் சித்தியடைந்தால் எந்த வலுவுடைய வாகனத்தையும் ஓட்டலாம்.
• 24 வயது: முன் அனுமதிப்பத்திரம் இல்லாதவரும் நேரடியாக இந்த முழு அனுமதிக்குரிய பரீட்சைகளுக்குத் தோற்றலாம்.

காரணம் என்ன?

மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் வாகனம் நிற்பதற்குச் சுமார் 23 மீட்டர் தேவை என்றும், 60 மைல் வேகத்தில் 73 மீட்டர் தேவை என்றும் நெடுஞ்சாலை விதிநூல் கூறுகிறது. வலுமிக்க மோட்டார் சைக்கிள் சில வினாடிகளிலேயே அந்த 60 மைல் வேகத்தை எட்டிவிடும். கைப்பழக்கம் விரைவில் வந்துவிடும். ஆபத்தை முன்கூட்டியே உணரும் பார்வை மெதுவாகவே வளரும். சந்தியில் திடீரெனத் திரும்பும் காரையும், மழையில் வழுக்கும் இரும்பு மூடியையும் பல மாத ஓட்டமே கற்பிக்கிறது. அதற்கான கால அவகாசத்தையே இப்படிமுறை அளிக்கிறது.

இம்முறை குறையற்றதன்று. வேகச் சாலைகளில் சிறிய இயந்திரம் ஏனைய வாகனங்களுக்கு ஈடுகொடுக்கத் திணறக்கூடும். மேலும், 24 வயதில் முதன்முறையாக ஓட்டுபவர் சித்தியடைந்த மறுநாளே மிகுந்த வலுவுள்ள வாகனத்தில் ஏறலாம். வயது அனுபவத்திற்கு ஈடாகாது. ஆகவே அவரும் சிறிய வாகனத்தில் தொடங்குவதே நன்று.

குடும்பத்தினர் கவனத்திற்கு

• அனுமதிக்கு மீறிய வாகனத்தை ஓட்டினால் காப்புறுதி செல்லாமற் போகலாம். பொலிஸார் வாகனத்தைக் கைப்பற்றலாம். காப்புறுதியின்றி ஓட்டுவதற்கு 300 பவுண் தண்டமும் 6 புள்ளிகளும் விதிக்கப்படலாம். முதற்பரீட்சையில் சித்தியடைந்து 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் பெற்றால் அனுமதிப்பத்திரமே இரத்தாகும்.
• கட்டணத்தைக் குறைக்கும் நோக்கில், பிள்ளை ஓட்டும் வாகனத்திற்குப் பெற்றோரை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவது மோசடியாகும்.
• உணவு விநியோக வேலைக்குச் சாதாரணக் காப்புறுதி போதாது. அதற்கெனத் தனிக் காப்புறுதி வேண்டும்.
• இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரங்களில் மோட்டார் சைக்கிள் குறிப்பிடப்பட்டிருந்தால், இங்கு வசிக்கத் தொடங்கி 12 மாதங்கள் வரை ஓட்டலாம். அவற்றைப் பிரித்தானிய அனுமதிப்பத்திரமாக மாற்ற இயலாது. அதன்பின் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற்று, பயிற்சியையும் பரீட்சைகளையும் முடிக்க வேண்டும்.

வாகனத்திற்கு முற்பணம் செலுத்துவதற்கு முன்னர், அதன் கிலோவாட் அளவையும் பிள்ளையின் அனுமதிப்பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காப்புறுதிக் கட்டணத்தையும் அன்றே கேட்டறியுங்கள்.